உலவியா, உளவாளியா? குரோமுக்கு எதிராக கிளம்பியது 'உலா'!

கோட்டுச்சேரிமேடு,

"குரோம்தான் நல்லது! கை வச்ச உடனே திறக்குது!"

"அட போங்கண்ணே! நீங்க எங்க போறீங்க, என்ன வாங்குறீங்கன்னு கணக்கு எழுதுறான் அவன். நம்ம ஊர்க்காரங்க 'உலா'ன்னு ஒண்ணு விட்ருக்காங்க. அதைப் போடுங்க!"

காரைக்காலை அடுத்த கோட்டுச்சேரிமேட்டில் டீக்கடை பெஞ்சில் நாலு பேர் கூடினால் காவிரித் தண்ணீரும் கட்சிச் சண்டையும் மட்டும்தானா பேச்சு? செல்போன் எல்லார் கைக்கும் வந்தபிறகு 'பிரவுசர்' சண்டையும் வந்து சேர்ந்துவிட்டது.

பிரவுசர் என்பது இணையதளங்களைத் திறந்து காட்டும் வாசல். தமிழில் 'உலவி' என்கிறார்கள். மின்கட்டணம் கட்டுவது, பரீட்சை ரிசல்ட் பார்ப்பது, கோயில் தரிசனத்துக்கு டிக்கெட் போடுவது, பிரான்சில் இருக்கும் மகனைப் பார்க்க விசாவுக்கு மனு போடுவது எல்லாம் இந்த வாசல் வழியாகத்தான். வாசலில் நிற்பவனுக்கு வீட்டுக்காரர் போவதும் வருவதும் தெரியாமல் இருக்குமா? சண்டையே இதில்தான்.

இதுபற்றிய விவரம் வருமாறு:–

மதுரையில் பிறந்தவர்

இன்று உலகத்தில் அதிகம் பேர் பயன்படுத்தும் பிரவுசர் குரோம். அமெரிக்காவின் கூகுள் நிறுவனம் 2008–ம் ஆண்டு செப்டம்பர் 2–ந் தேதி இதை வெளியிட்டது. இந்த வேலையை முன்னின்று நடத்தியவர் ஒரு தமிழர். மதுரையில் பிறந்து சென்னையில் வளர்ந்த சுந்தர் பிச்சைதான் அவர். குரோமின் வெற்றி அவரை உயர்த்தியது. 2015–ல் கூகுளுக்கே தலைமை நிர்வாகி ஆனார்.

குரோம் ஜெயித்ததற்குக் காரணம் உண்டு. அதுவரை பிரவுசரில் ஒரு பக்கம் படுத்துக்கொண்டால் திறந்திருந்த எல்லாமே படுத்துவிடும். குரோம் ஒவ்வொரு பக்கத்தையும் தனித்தனி அறையில் வைத்தது. ஒன்று கெட்டால் மற்றது ஓடும். ஆனால் அறை கூடக்கூட மெமரியும் அதிகம் தின்னும். மலிவு விலை போன்கள் திணறுவது இதனால்தான்.

டெல்டாக்காரர் போட்டி!

குரோமுக்கு எதிராக 2023–ம் ஆண்டு மே மாதம் களம் இறங்கியது 'உலா'. வெளியிட்டது ஜோஹோ நிறுவனம். அதைத் தொடங்கியவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு தஞ்சை மாவட்டத்தில் பிறந்தவர். தென்காசி பக்கத்தில் கிராமத்தில் இருந்துகொண்டே கம்பெனி நடத்திக் காட்டியவர்.

"எங்களுக்கு விளம்பர வியாபாரம் கிடையாது. ஆகவே உங்களை வேவு பார்க்கவேண்டிய அவசியமும் கிடையாது" என்பது ஜோஹோவின் வாதம். பின்தொடர்ந்து வரும் விளம்பர வேவுக்காரர்களைத் தடுக்கும் வசதி இதில் உண்டு. ஆபீசுக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று, குழந்தைகளுக்கு ஒன்று என்று தனித்தனி 'மோடு'களும் உண்டு.

இந்தியாவுக்கென சொந்த பிரவுசர் வேண்டும் என்று மத்திய மின்னணு அமைச்சகம் 2023–ல் ஒரு போட்டி அறிவித்தது. 2025 மார்ச்சில் முடிவு வந்தது. முதல் பரிசு ரூ.1 கோடி ஜோஹோவுக்கு! 2–வது பரிசு ரூ.75 லட்சம், 3–வது பரிசு ரூ.50 லட்சம் வேறு இரண்டு குழுக்களுக்குக் கிடைத்தது.

இஞ்சின் ஒன்றே!

இங்கேதான் ஒரு திடுக்கிடும் உண்மை இருக்கிறது.

உலாவின் உள்ளே ஓடும் இஞ்சின் கூகுளுடையது! 'குரோமியம்' என்ற பெயரில் கூகுள் இலவசமாகத் திறந்துவிட்டிருக்கும் அடிப்படை புரோகிராமை எடுத்து, அதன் மேல்தான் உலா கட்டப்பட்டிருக்கிறது. உலா மட்டும் அல்ல. மைக்ரோசாப்டின் எட்ஜ், பிரேவ், ஓபரா, விவால்டி, சாம்சங் போனில் வரும் பிரவுசர் அத்தனையும் இதே இஞ்சின்தான்.

கடைத்தெருவில் வரிசையாக 7 போர்டு தொங்குகிறது. குடோன் மட்டும் ஒன்று!

தனி இஞ்சினில் ஓடுபவை என்று பெயர் சொல்லக்கூடியவை இரண்டுதான். ஒன்று ஆப்பிளின் சபாரி. மற்றொன்று மொசில்லா அறக்கட்டளையின் பயர்பாக்ஸ்.

"ஒரே இஞ்சினா இருந்தா என்னண்ணே கெட்டுப்போச்சு?" என்று கேட்கலாம். அதற்கு பதில் பழைய கதையில் இருக்கிறது.

எக்ஸ்புளோரர் செய்த கூத்து

1994–ல் நெட்ஸ்கேப் என்ற பிரவுசர் வந்து கொடிகட்டிப் பறந்தது. அடுத்த ஆண்டே மைக்ரோசாப்ட் இன்டர்நெட் எக்ஸ்புளோரரை இறக்கியது. பிறகு விண்டோசோடு சேர்த்து அதை சும்மாவே கொடுத்தது. சும்மா கிடைப்பதை விட்டு யார் வேறு தேடுவார்கள்? நெட்ஸ்கேப் நொறுங்கியது. 1998–ல் அமெரிக்க அரசே மைக்ரோசாப்ட் மீது வழக்கு போட்டது.

எதிரி ஒழிந்ததும் எக்ஸ்புளோரர் தூங்கப் போய்விட்டது. 2001–ல் 6–வது பதிப்பு வந்தது. 7–வது வர 2006 ஆயிற்று. அந்த 5 ஆண்டும் ஓட்டைகள் வழியே வைரஸ் புகுந்து விளையாடியது.

தமிழ் வாசகர்களும் அவதிப்பட்டார்கள். அப்போது ஒவ்வொரு தமிழ் இணையதளமும் ஒவ்வொரு எழுத்துரு வைத்திருந்தது. பல தளங்கள் எக்ஸ்புளோரரில் மட்டும் ஒழுங்காகத் தெரியும். வேறு பிரவுசரில் திறந்தால் கோழிக் கிறுக்கல்! யூனிகோட் முறை பரவிய பிறகுதான் எந்த பிரவுசரிலும் தமிழ் படிக்க முடிந்தது.

தூங்கியவரை எழுப்பியது 2004 நவம்பரில் வந்த பயர்பாக்ஸ். பிறகு வந்த குரோம் எக்ஸ்புளோரரை ஓரம் கட்டியது. 2022 ஜூன் 15–ந் தேதி எக்ஸ்புளோரருக்கு மைக்ரோசாப்டே மூடுவிழா நடத்தியது.

அன்றைக்கு மைக்ரோசாப்ட் உட்கார்ந்திருந்த நாற்காலியில் இப்போது கூகுள்!

கோர்ட்டில் குரோம்

ஆண்ட்ராய்டு போன்களில் தன் சரக்கையே திணிக்கிறது என்று இந்திய போட்டி ஆணையம் 2022 அக்டோபரில் கூகுளுக்கு ரூ.1,337 கோடியே 76 லட்சம் அபராதம் போட்டது. குரோமை முன்கூட்டியே போட்டுக் கொடுத்ததும் குற்றச்சாட்டுகளில் ஒன்று.

அமெரிக்காவில் 2024 ஆகஸ்டில் நீதிபதி அமித் மேத்தா, தேடுதல் தொழிலில் கூகுள் சட்டவிரோத ஏகபோகம் நடத்துகிறது என்று தீர்ப்பளித்தார். மற்ற பிரவுசர்களிலும் போன்களிலும் தன் தேடுதலை முதலில் வைப்பதற்காக 2021–ல் மட்டும் 2,630 கோடி டாலர் கூகுள் கொடுத்தது அந்த வழக்கில் அம்பலமானது.

"குரோமை விற்றே ஆகவேண்டும்" என்று அமெரிக்க அரசு கேட்டது. ஆனால் 2025 செப்டம்பர் 2–ந் தேதி, "விற்க வேண்டியதில்லை" என்று நீதிபதி சொல்லிவிட்டார். அன்று குரோமின் 17–வது பிறந்தநாள் என்பது குறிப்பிடத்தக்கது!

இதில் வேடிக்கை என்னவென்றால், கூகுளுக்குப் போட்டியான பயர்பாக்சின் வருமானத்தில் பெரும்பகுதி கூகுள் கொடுக்கும் பணம்தான்.

'ரகசிய' ஜன்னல்

குரோமில் 'இன்காக்னிடோ' என்று ஒரு ரகசிய ஜன்னல் உண்டு. அதில் பார்த்தால் யாருக்கும் தெரியாது என்று பலர் நினைத்திருந்தார்கள். அதிலும் கூகுள் விவரம் சேகரித்தது என்று 2020–ல் வழக்கு வந்தது. அப்படி சேர்ந்த கோடிக்கணக்கான பதிவுகளை அழிக்க 2024–ல் கூகுள் ஒப்புக்கொண்டது. ரகசிய ஜன்னல் மறைப்பது, அதே போனை எடுத்துப் பார்க்கும் வீட்டுக்காரரிடம் இருந்து மட்டும்தான்!

மற்றவர்களும் உத்தமர்கள் என்று சொல்லிவிட முடியாது. விளம்பரத்தை வெட்டுவதில் பெயர் வாங்கிய பிரேவ், சில முகவரிகளில் தனக்கு கமிஷன் வரும்படி குறியீட்டைச் சேர்த்து 2020–ல் மாட்டிக்கொண்டது. பிறகு மன்னிப்பு கேட்டது. ஒருகாலத்தில் இந்தியாவில் கொடிகட்டிப் பறந்த சீனாவின் யு.சி. பிரவுசரை 2020 ஜூன் 29–ந் தேதி மத்திய அரசே தடை செய்தது.

எது யாருக்கு?

வேகம், எல்லா தளமும் தடங்கல் இல்லாமல் திறப்பது என்றால் குரோம். ஆனால் பழைய விளம்பரத் தடுப்பான்களை 2024, 2025–ல் அது கழற்றி எறிந்துவிட்டது.

அதே தடுப்பான் வேண்டும், தனி இஞ்சினும் வேண்டும் என்றால் பயர்பாக்ஸ். தமிழிலேயே மெனு உண்டு. சில தளங்கள் மட்டும் முரண்டு பிடிக்கும்.

வேவு குறையவேண்டும், குரோம் பழக்கமும் மாறக்கூடாது என்பவர்களுக்கு உலா அல்லது பிரேவ்.

ஐபோன் வைத்திருப்பவர்களுக்கு கையோடு வரும் சபாரி போதும்.

எதை வைத்தாலும் 'அப்டேட்' கேட்டால் தள்ளிப்போடக்கூடாது. ஒரே இஞ்சின் என்பதால் அதில் ஓட்டை விழுந்தால் குரோம், எட்ஜ், உலா எல்லாவற்றுக்கும் ஆபத்துதான்.

பூட்டை நம்பாதீர்!

கடைசியாக போலீஸ் விவகாரம். வங்கி பெயரில், மின்துறை பெயரில், கோயில் பெயரில் போலி தளம் போட்டு பணம் பறிக்கும் கும்பலுக்கு நீங்கள் எந்த பிரவுசர் என்பது பற்றி கவலையே கிடையாது.

முகவரி பக்கத்தில் பூட்டு படம் இருந்தால் நல்ல தளம் என்று ஒரு நம்பிக்கை இருந்தது. திருடனும் பூட்டு மாட்டிக்கொண்டான்! அதனால்தான் 2023–ல் குரோம் அந்தப் பூட்டையே எடுத்துவிட்டது.

ஜெராக்ஸ் கடைக்கு வந்து, "தம்பி, பேங்க் வேலைக்கு எந்த பிரவுசர்ப்பா நல்லது?" என்று கேட்கும் பெரியவருக்கு விவரம் தெரிந்த பையன் சொல்லக்கூடிய பதில் இதுதான்:

"எதுல வேணாலும் போங்கய்யா. முகவரிய நீங்களே அடிச்சுப் போங்க. வாட்ஸ்அப்ல வந்த லிங்க்க தொட்டுடாதீங்க. ஓ.டி.பி.ய யார் கேட்டாலும் சொல்லிடாதீங்க!"

ஏமாந்துவிட்டால் அழுதுகொண்டு உட்காரக்கூடாது. உடனே 1930 என்ற எண்ணுக்கு போன் செய்யவேண்டும். எவ்வளவு சீக்கிரம் சொல்கிறோமோ அவ்வளவு தூரம் பணத்தை மடக்க வழி உண்டு.

வாசல் குரோமோ, உலாவோ, தாழ்ப்பாள் நம் கையில்தான்!