பிறந்த தேதியைச் சொல்லாமல் வயதை நிரூபிக்கும் கணக்கு

லாட்ஜ் அறைக்கு ஒரு ஆதார் நகல், புது வேலையில் சேர ஒன்று. செஞ்சி பேருந்து நிலையப் பக்கம் ஒரு ஜெராக்ஸ் கடையில் பத்து நிமிடம் நின்றாலே தெரிந்துவிடும், நம் விவரங்கள் எத்தனை பேர் மேசை டிராயருக்குள் போய்ச் சேர்கின்றன என்று. 2022 மே மாதம் ஆதார் ஆணையத்தின் பெங்களூரு மண்டல அலுவலகம், கண்டவர்களிடம் ஆதார் நகல் கொடுக்காதீர்கள் என்று எச்சரித்தது. மக்கள் அதைத் தவறாகப் புரிந்துகொள்ளக்கூடும் என்று சொல்லி இரண்டே நாளில் மத்திய அரசு அதைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. கேள்வி மட்டும் அப்படியே நிற்கிறது. எதிரில் இருப்பவர் அறிய வேண்டியது நமக்கு 18 வயது நிரம்பிவிட்டதா என்பது மட்டும்தான் என்றால், பெயரும் முகவரியும் படமும் பிறந்த தேதியும் அவருக்கு எதற்கு?

இதற்கான விடை கணிதத்தில் 1985 முதலே இருக்கிறது. ஷாஃபி கோல்ட்வாசர், சில்வியோ மிக்காலி, சார்லஸ் ராக்காஃப் மூவரும் அந்த ஆண்டு முன்வைத்ததுதான் ஜீரோ நாலெட்ஜ் நிரூபணம்: ஒரு கூற்று உண்மை என்று எதிராளியை நம்பவைக்க வேண்டும், அது உண்மை என்பதைத் தவிர வேறெதுவும் அவருக்குத் தெரியக் கூடாது. இன்று அதை ஆதாரோடு இணைக்கும் 'அனான் ஆதார்' என்ற திறந்தமூல நிரல் இருக்கிறது. எத்தீரியம் அறக்கட்டளையின் ஆய்வுக் குழு ஒன்று உருவாக்கியது. அரசுத் திட்டம் அல்ல. ஆதாரின் கியூஆர் குறியீட்டுக்குள் நம் விவரங்களோடு ஆணையத்தின் 2048 பிட் ஆர்எஸ்ஏ மின்கையொப்பமும் இருக்கிறது. அந்தக் கையொப்பம் சரியானது, அதன் கீழுள்ள பிறந்த தேதிப்படி வயது 18-க்கு மேல் என்ற இரண்டையும் நம் கருவியிலேயே கணக்கிட்டு, நிரூபணத்தை மட்டும் வெளியே அனுப்புகிறது நிரல்.

லைப்ரரியை இறக்கி நான்கு வரி எழுதினால் வேலை ஓடிவிடும். ஆனால் உள்ளே என்ன நடக்கிறது என்று தெரியாமல் இதில் கைவைப்பது ஆபத்து. செஞ்சியில் வீட்டிலிருந்தபடி சென்னைக்கோ பெங்களூருக்கோ கோடு எழுதும் ஒருவர், வேலைக்கு நடுவே இந்தக் கணிதத்தைக் கற்க முடியுமா? முடியும். ஆனால் எங்கே தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தது அது. நீள்வட்ட வளைவு, அதன் மேல் பேரிங் என்று முதல் நாளே தொடங்குகிறவர்கள் பெரும்பாலும் இரண்டாம் வாரத்தில் விட்டுவிடுகிறார்கள்.

முதலில் கதை. கோட்டை என்று ஒன்று இருந்தால் அதில் சுரங்கம் இல்லாமல் ஊர் விடாது. ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திராயன்துர்க்கம் என்று மூன்று மலைகளை வளைத்துக் கட்டிய செஞ்சிக் கோட்டையில், 1690 முதல் 1698 வரை நீடித்த முகலாயர் முற்றுகையிலிருந்து மராட்டிய மன்னர் ராஜாராம் தப்பிப்போனார் என்றால், சுரங்கக் கதைக்குக் கேட்பானேன்? அப்படி ஒன்று இருப்பதாகவே வைத்துக்கொள்வோம். உள்ளே போனதும் அது இடம், வலம் எனப் பிரிகிறது. இரண்டு கிளைகளும் கடைசியில் ஒரு இரும்புக் கதவில் முட்டுகின்றன. கதவைத் திறக்கும் சூட்சுமம் தனக்குத் தெரியும் என்கிறார் வழிகாட்டி. ஆனால் சொல்லித் தர மாட்டார். பயணி வெளியே நிற்க, வழிகாட்டி ஏதோ ஒரு கிளைக்குள் போய்விடுகிறார். பிறகு பயணி பிரிவு வரை வந்து, "இடப்பக்கமா வாங்க" என்றோ "வலப்பக்கமா வாங்க" என்றோ கூப்பிடுகிறார். சூட்சுமம் தெரிந்தவர் கேட்ட பக்கமே வருவார். தெரியாதவர் பாதி முறை மாட்டிக்கொள்வார். இருபது முறையும் தப்பிக்கும் வாய்ப்பு 10,48,576-ல் ஒன்று.

இதுவரை பலரும் சொல்வார்கள். உயிரான பகுதி இனிமேல்தான். பயணி இதையெல்லாம் போனில் வீடியோ எடுத்து ஊரில் காட்டுகிறார். "ரெண்டு பேரும் பேசிவெச்சு எடுத்திருப்பீங்க" என்கிறார்கள் நண்பர்கள். அவர்கள் சொல்வது நியாயம். எந்தப் பக்கம் கூப்பிடுவது என்று முன்பே பேசிக்கொண்டால், சூட்சுமம் தெரியாத ஆளை வைத்தும் இதே வீடியோவை எடுக்கலாம். சூட்சுமம் தெரியாமலே தயாரிக்கக்கூடிய வீடியோவில் சூட்சுமம் எப்படி ஒளிந்திருக்கும்? ஜீரோ நாலெட்ஜ் என்பதன் கணித இலக்கணமே இதுதான். 1989-ல் ஜான் ஜாக் கிஸ்கட்டரும் நண்பர்களும் குழந்தைகளுக்காக எழுதிய அலிபாபா குகைக் கதையைத்தான் இங்கே செஞ்சிக்குக் கொண்டுவந்திருக்கிறேன்.

கதையோடு நின்றுவிட்டால் புரிந்த மாதிரி இருக்கும், ஒரு வரி கோடும் எழுத வராது. தாளும் பேனாவும் எடுத்துக்கொள்ளலாம். தேவைப்படும் கணிதம் நம் பத்தாம் வகுப்புப் புத்தகத்தில், 'எண்களும் தொடர்வரிசைகளும்' பாடத்தில், மட்டு எண்கணிதம் என்ற பெயரில் இருக்கிறது. எந்த எண் வந்தாலும் 23-ஆல் வகுத்து மீதியை மட்டும் வைத்துக்கொள்வோம். இரண்டின் அடுக்குகள் இப்படி வரும்: 2, 4, 8, 16, 9, 18, 13, 3, 6, 12, 1. பதினோராவது அடுக்கில் 1 வந்துவிடுவதால் மீண்டும் முதலிலிருந்து சுற்றும். ஆகவே அடுக்குகளைக் கூட்டும்போது 11-ஆல் வகுத்த மீதி போதும்.

என் இரகசிய எண் 7. இரண்டின் ஏழாவது அடுக்கு 13. அதை ஊருக்கே சொல்லிவிடுகிறேன். 13-ஐ வைத்துக்கொண்டு 7-ஐக் கண்டுபிடிப்பது இங்கே சுலபம், மேலே உள்ள பட்டியலைப் பார்த்தாலே போதும். நிஜத்தில் இரகசிய எண்ணே எழுபது, எண்பது இலக்கம் வரை போகும்; பட்டியல் போட உலகத்துக் கணினி எல்லாம் சேர்ந்தாலும் முடியாது. இனி 7-ஐச் சொல்லாமல், அது எனக்குத் தெரியும் என்று நிரூபிக்க வேண்டும். நான் மனதுக்குள் 5 என்று ஒரு எண்ணைத் தற்செயலாக எடுத்து, இரண்டின் ஐந்தாவது அடுக்கான 9-ஐ அனுப்புகிறேன். நீங்கள் சவாலாக 3 என்கிறீர்கள். நான் 5-உடன் மூன்று முறை 7-ஐக் கூட்டுகிறேன்: 26, மீதி 4. அந்த 4-ஐ அனுப்புகிறேன். நீங்கள் சரிபார்ப்பது இதை: இரண்டின் நான்காவது அடுக்கு 16. மறுபக்கம், 13-இன் மூன்றாவது அடுக்கு 12. அதை நான் முதலில் தந்த 9-ஆல் பெருக்கினால் 108, மீதி 16. இரண்டும் ஒன்று. கிளாஸ் ஷ்னோர் 1989-ல் தந்த முறை இவ்வளவுதான். பைத்தானில் பத்து வரி.

அந்த 5-ஐ மறுபடி பயன்படுத்தினால் என்ன ஆகும்? அடுத்த சவால் 4 என்றால் என் விடை 5 கூட்டல் 28, அதாவது 33, மீதி 0. முதல் விடை 4, இரண்டாவது 0. சவால்களின் வித்தியாசம் 1. பூஜ்ஜியத்திலிருந்து 4-ஐக் கழித்தால், 11-இன் சுற்றில், 7. இரகசியம் வெளியே வந்துவிட்டது. இது வெறும் பாடப்புத்தக எச்சரிக்கை அல்ல. இதே குடும்பத்தைச் சேர்ந்த மின்கையொப்பத்தில், ஒவ்வொரு முறையும் மாற வேண்டிய எண்ணை மாற்றாமல் விட்டதால்தான் சோனி பிளேஸ்டேஷன் 3-இன் இரகசியச் சாவி 2010 டிசம்பரில் அம்பலமானது.

போலி வீடியோவுக்கு ஈடானது இங்கே எது? பின்னாலிருந்து போனால் கிடைக்கும். சவால் 6, விடை 2 என்று முதலிலேயே முடிவுசெய்துகொண்டு, அதற்குப் பொருந்தும் முதல் எண்ணைத் தேடினால் 16 கிடைக்கிறது. சரிபாருங்கள்: 13-இன் ஆறாவது அடுக்கு 6, 16 பெருக்கல் 6 என்பது 96, மீதி 4, இரண்டின் இரண்டாவது அடுக்கும் 4. 7 என்ற எண்ணைத் தொடாமலே 16, 6, 2 என்று செல்லுபடியாகும் ஓர் உரையாடலைத் தயாரித்துவிட்டோம். இதை ஒருமுறை கையால் போட்டுப் பார்த்தவருக்கு, ஆய்வுக் கட்டுரைகளில் 'சிமுலேட்டர்' என்ற சொல் வரும்போது பயம் வராது.

நடைமுறையில் எதிரே சவால் விட ஆள் இருக்க மாட்டார். ஃபியட், ஷமீர் இருவரும் 1986-ல் சொன்ன வழி: அனுப்பியதையெல்லாம் ஹாஷ் செய்து, வருவதையே சவாலாக எடுத்துக்கொள். முதல் எண்ணை வைத்த பிறகுதான் சவால் பிறக்கும் என்பதால் பின்னாலிருந்து போகும் வித்தை பலிக்காது. ஆனால் ஹாஷுக்குள் போக வேண்டிய பொது விவரம் ஒன்று விடுபட்டால் பொய்க்கும் நிரூபணம் கிடைத்துவிடும். 2022-ல் 'ஃப்ரோசன் ஹார்ட்' என்ற பெயரில் பல லைப்ரரிகளில் பிடிபட்டது இந்தப் பிழைதான். லைப்ரரி எழுதியவர்களே சறுக்கிய இடம் இது.

வயதுக்கு வருவோம். நிரலைப் பெருக்கல், கூட்டல் சமன்பாடுகளாக மாற்ற வேண்டும். 'பெரியதா' என்று கேட்க அங்கே குறி கிடையாது. எனவே வயதிலிருந்து 18-ஐக் கழித்து, மீதியை ஏழு பிட்டுகளில் எழுதிக் காட்டச் சொல்கிறோம். ஒவ்வொரு பிட்டையும் அதைவிட ஒன்று குறைந்த எண்ணால் பெருக்கினால் பூஜ்ஜியம் வர வேண்டும் என்பது நிபந்தனை. 0, 1 தவிர வேறெதுவும் இதில் தேறாது. வயது 25 என்றால் மீதி 7, எழுதிவிடலாம். வயது 15 என்றால் மீதி கழித்தல் 3. மட்டு எண்கணிதத்தில் அது எழுபத்தேழு இலக்கம் கொண்ட எண்ணாகிவிடும், ஏழு பிட்டில் அடங்காது. கையொப்பச் சரிபார்ப்பையும் சேர்த்தால் இத்தகைய சமன்பாடுகள் லட்சக்கணக்கில் வரும்.

அத்தனையையும் ஒவ்வொன்றாகச் சரிபார்க்காமல் தப்பிக்க வைப்பது பல்லுறுப்புக் கோவை. சமன்பாடுகள் எல்லாவற்றையும் இரண்டு கோவைகளில் அடைத்து, அவை ஒன்றுதானா என்று கேட்கிறோம். வெவ்வேறான இரு கோவைகளின் படி பத்து லட்சம் என்றால், அவை ஒத்துப்போகும் இடங்கள் அதிகபட்சம் பத்து லட்சம்தான். எழுபத்தாறு பூஜ்ஜியங்கள் கொண்ட பரப்பில் ஏதோ ஓரிடத்தைத் தற்செயலாகத் தொட்டு, அங்கே இரண்டும் சமம் என்றால் ஏமாற்று நடந்திருக்கும் வாய்ப்பை மறந்துவிடலாம். அனான் ஆதார் பயன்படுத்தும் க்ராத்16 முறையில் (2016) நிரூபணம் சுமார் 128 பைட்டுகளில் அடங்கிவிடுகிறது. நீள்வட்ட வளைவும் பேரிங்கும் இங்கேதான் தேவைப்படுகின்றன, அதுவரை ஒத்திப்போடலாம். க்ராத்16-க்கு ஒரு விலை உண்டு. தொடக்க அமைப்பின்போது உருவாகும் இரகசிய எண்களை அழித்தாக வேண்டும், இல்லாவிட்டால் அவற்றை வைத்திருப்பவர் பொய்யை நிரூபித்துவிடுவார்.

அந்தத் தொடக்க அமைப்பே வேண்டாம் என்பது ஸ்டார்க் என்ற நிரூபண வகை. அதன் வேர் நமக்குப் பக்கத்தில் இருக்கிறது. நிரூபணத்தின் சில இடங்களை மட்டும் தற்செயலாகப் படித்தே முழுதும் சரியா என்று சொல்லலாம் என்ற பிசிபி தேற்றத்தை 1992-ல் நிறுவியவர்களில் ஒருவரான மது சூடன் 1966-ல் சென்னையில் பிறந்தவர். அவரோடு, பிழைதிருத்தும் ரீட்-சாலமன் குறியீடுகளில் பெரும் பாய்ச்சலை நிகழ்த்திய வெங்கடேசன் குருசாமி சென்னை ஐஐடியின் முன்னாள் மாணவர். ஸ்டார்க்கின் பாதுகாப்புக் கணக்குகள் இந்தக் குறியீடுகளின் மேல்தான் நிற்கின்றன. ஆதார் அட்டையின் கியூஆர் கட்டம் ஓரத்தில் கசங்கியும் ஸ்கேன் ஆவதற்குக் காரணமும் இதே ரீட்-சாலமன்தான்.

கணக்கு சரியாக வந்த பிறகும் நிரலரின் மேசையில் சில கேள்விகள் மிச்சம் இருக்கும். வயதைக் கணக்கிட இன்றைய தேதி வேண்டும். அதைப் போனின் கடிகாரத்திலிருந்து எடுத்தால் பதினைந்து வயதுப் பையன் தேதியை மாற்றிவிட்டு உள்ளே வருவான், ஆகவே தேதியைச் சரிபார்ப்பவர்தான் தர வேண்டும். அடுத்தது பிறந்த தேதி. நம் கிராமங்களில் ஆண்டை மட்டும் உத்தேசமாகச் சொல்லி, ஜனவரி 1 என்று பதிவான முதியவர்கள் ஏராளம். முதியோர் ஓய்வூதியத்துக்கு 60 வயது ஆகிவிட்டதா என்று இந்த முறையில் கேட்டால், ஆணையம் கையொப்பமிட்ட தேதிப்படி ஆகிவிட்டது அல்லது ஆகவில்லை என்றுதான் விடை வரும். பதிவில் மூன்று ஆண்டு குறைந்திருந்தால், அதைத் திருத்த அந்தப் பாட்டி ஆதார் மையத்தில்தான் வரிசையில் நிற்க வேண்டும்.