மறுவாழ்வு முகாம் மாணவர்களும் உயர்கல்வியும்

இலங்கைப் போரின் காரணமாக 1983 முதல் பல கட்டங்களாகத் தமிழ்நாட்டிற்கு வந்த தமிழர்கள், நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்களில் வசித்து வருகின்றனர். கோயம்புத்தூர் மாவட்டத்தில் மேட்டுப்பாளையம் வேடர் காலனி, பூலுவப்பட்டி ஆகிய இடங்களில் இத்தகைய முகாம்கள் உள்ளன. அருகிலுள்ள பவானிசாகர் முகாம் மாநிலத்தின் பெரிய முகாம்களுள் ஒன்றாகும். இம்முகாம்களில் இன்று கல்லூரிக்குச் செல்லும் வயதினர் பெரும்பாலும் இந்தியாவிலேயே பிறந்தவர்கள், இலங்கையைப் பார்த்திராதவர்கள். ஆனால் இந்தியக் குடிமக்கள் அல்லர்.

இதற்குக் காரணம் 1955ஆம் ஆண்டின் குடியுரிமைச் சட்டத்தில் செய்யப்பட்ட திருத்தங்கள். 1987 சூலை 1க்கு முன் இந்தியாவில் பிறந்தவர் பிறப்பாலேயே குடிமகன் ஆவார். அதன்பின் பிறந்தவருக்குப் பெற்றோரில் ஒருவராவது குடிமகனாக இருத்தல் வேண்டும். 2004 திசம்பர் 3 முதல், மற்றவர் சட்டவிரோதக் குடியேறியாக இருத்தலும் கூடாது. உரிய கடவுச்சீட்டு இன்றிப் படகில் வந்தவர்களைச் சட்டம் சட்டவிரோதக் குடியேறிகள் என்றே வகைப்படுத்துகிறது. 1986இல் மண்டபம் முகாமில் பிறந்த ஒரு பெண்ணுக்கு இந்தியக் கடவுச்சீட்டு வழங்குமாறு சென்னை உயர்நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2022இல் உத்தரவிட்டது. இரண்டாண்டுகள் பிந்திப் பிறந்திருந்தால் அந்த வழி அவருக்கு இருந்திராது. 2019ஆம் ஆண்டுத் திருத்தச் சட்டத்திலும் இலங்கை சேர்க்கப்படவில்லை.

மேட்டுப்பாளையத்தில் இவ்வேறுபாடு கண்கூடானது. 1964ஆம் ஆண்டின் சிறிமாவோ–சாத்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியக் கடவுச்சீட்டுடன் திரும்பிய மலையகத் தமிழர்கள் பலர் நீலகிரியில் குடியேறினர். அவர்களது பிள்ளைகள் குடிமக்கள். முகாம்களில் உள்ளோரிலும் கணிசமானோர் அதே மலையக வம்சாவளியினர்தாம். பிந்தி, படகில் வந்ததுதான் வேறுபாடு.

கல்லூரிக் கதவு அடைக்கப்பட்டும் திறக்கப்பட்டும் வந்துள்ளது. எம். ஜி. ஆர். ஆட்சியில் தொழிற்கல்வியில் ஏதிலி மாணவர்களுக்கு இடங்கள் ஒதுக்கப்பட்டன. 1991இல் ராசீவ் காந்தி கொலைக்குப் பின் அச்சலுகைகள் நின்றன. 1996க்குப் பின் மீண்டும் வழி பிறந்தது. இடைப்பட்ட ஆண்டுகளில் பள்ளிப் படிப்பை முடித்தவர்கள் இழந்ததை எந்த ஆணையும் திருப்பித் தரவில்லை. 1984இல் சந்திரகாசன் தொடங்கிய ஈழ ஏதிலியர் மறுவாழ்வுக் கழகம் அக்காலங்களில் மாணவர்களின் கல்விக்குத் துணை நின்றது.

2021 ஆகத்து 27 அன்று தமிழ்நாடு அரசு 317.40 கோடி ரூபாய் மதிப்பிலான நலத்திட்டங்களை அறிவித்தது. மதிப்பெண் அடிப்படையில் முதல் 50 பொறியியல் மாணவர்களின் கல்வி, விடுதிக் கட்டணங்களை அரசே ஏற்கும் என்பது அதில் ஒன்று. வேளாண் படிப்புகளுக்கு இந்த எண்ணிக்கை ஐந்து. வேளாண் பல்கலைக்கழகத்தின் வனக் கல்லூரி மேட்டுப்பாளையத்திலேயே இருப்பதால், இந்த ஐந்து என்னும் எண் இவ்வூர் மாணவருக்குச் சற்றுக் கூடுதலாகவே உறுத்தும்.

கட்டணத்தைக் காட்டிலும் தாள்களே பெரிய தடை. சேர்க்கைக்குக் கேட்கப்படும் இருப்பிடச் சான்றிதழும் சாதிச் சான்றிதழும் பிற மாணவர்களைப் போல எளிதில் கிடைப்பதில்லை. முகாம் அடையாள அட்டையைக் காட்டி ஒவ்வோர் அலுவலகத்திலும் விளக்க வேண்டியுள்ளது. வங்கிக் கல்விக்கடன் பெறுவது கடினம். கடவுச்சீட்டு இல்லாததால் வெளிநாட்டுப் படிப்பு பற்றிய பேச்சே எழுவதில்லை. வெளியூர் விடுதியில் தங்கினாலும் முகாம் பதிவேட்டின் கணக்கெடுப்பை நினைவில் வைத்தாக வேண்டும். 2021 அறிவிப்பின்படி குடும்பத் தலைவருக்கு மாதம் 1,500 ரூபாயும் பிற பெரியவர்களுக்கு 1,000 ரூபாயும் உதவித்தொகை. மீதிச் செலவு கூலி வேலையில்தான் வர வேண்டும்.

பட்டம் பெற்ற பின்னரும் சிக்கல் தீர்வதில்லை. அரசுப் பணித் தேர்வுகள் பெரும்பாலும் குடிமக்களுக்கே உரியவை. தனியார் நிறுவனங்களும் கடவுச்சீட்டைக் கேட்கின்றன. பொறியியல் படித்தவர் தந்தையுடன் வண்ணம் பூசும் வேலைக்குச் செல்வது முகாம்களில் புதிதன்று. அதைப் பார்த்து வளரும் தம்பி பன்னிரண்டாம் வகுப்போடு நின்றுவிடுவதும் உண்டு.

2025 செப்டம்பரில் ஒன்றிய அரசு, 2015 சனவரி 9 வரை வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்குக் கடவுச்சீட்டு, நுழைவுரிமை தொடர்பான தண்டனைப் பிரிவுகளிலிருந்து விலக்கு அளித்தது. இவ்விலக்கு குடியுரிமை அளிப்பதன்று.