டிராக்டர் ரேடியேட்டரில் கூலண்ட் மாற்றும் முறை

டிராக்டர் வைத்திருக்கும் குடியானவர்களில் அநேகர் இஞ்சின் எண்ணெயைத் தவணை தவறாமல் மாற்றுகிறார்கள். ரேடியேட்டரையோ, குறைந்தபோது கிணற்று ஜலம் ஊற்றி நிரப்புவதோடு விட்டுவிடுகிறார்கள். உழவு மும்முரத்தில் இஞ்சின் கொதித்து, ஸிலிண்டர் ஹெட் வளைந்து, நிலத்தின் ஈரம் காயும் நாட்களில் வண்டி பட்டறையில் நிற்பதற்குப் பல சமயங்களில் இவ்வழக்கமே காரணமாகும்.

எரியும் டீசலின் உஷ்ணத்தில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கே வேலைக்கு உதவுகிறது. மற்றொரு பங்கு புகையோடு போகிறது. எஞ்சியதில் பெரும்பகுதியைக் கூலண்டே சுமந்து சென்று ரேடியேட்டரில் விடவேண்டும். வெந்நீர்த் தவலையின் உட்புறத்தில் வெள்ளையாய்ப் படியும் காறையை யாவரும் கண்டிருப்பர். உப்பு ஜலம் ஊற்றினால் அக்காறையே ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து, உஷ்ணம் வெளியேறாமல் தடுக்கிறது.

கூலண்ட் என்பது எதிலீன் கிளைக்கால் என்னும் திரவமும், துருவைத் தடுக்கும் சில மருந்துகளும் சேர்ந்தது. பாட்டரிக்கு ஊற்றும் வாலைநீருடன் சரிபாதியாய்க் கலந்தால் சுமார் 107 டிகிரி ஸெண்டிகிரேடில்தான் கொதிக்கும். குளிர்தேசத்தாருக்கு அது உறையாமலிருப்பது முக்கியம். தென்னாட்டாருக்குத் துருத்தடையே முக்கியம். அம்மருந்துகள் நாளடைவில் வலுவிழப்பதால், பார்வைக்குத் தெளிவாயிருந்தாலும் மாற்றத்தான் வேண்டும். பழைய வகைகளுக்குப் பொதுவாக 2 வருஷம் கெடு. புதிய வகைகளில் சில 5 வருஷம் தாங்கும். வண்டியுடன் கொடுத்த கைப்புத்தகமே இதற்குப் பிரமாணம். நிறத்தைக் கண்டு வகையை நிர்ணயிப்பது தவறு. ஒவ்வாத வகைகள் கலந்தால் சில வேளை கூழாய்த் திரிந்துவிடும்.

இவ்வேலைக்கு விடியற்காலை உகந்தது. இரவெல்லாம் ஓய்ந்து இஞ்சின் நன்றாய் ஆறியிருக்கும். சூட்டில் மூடியைத் திறந்தால் கொதிநீர் முகத்தில் பீறியடிக்கும். சூடான இஞ்சினில் பச்சைத் தண்ணீர் ஊற்றுவதோ வார்ப்பிரும்பையே பிளக்கக்கூடும். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, மூடியைக் கழற்றி, ரேடியேட்டரின் அடியிலுள்ள வடிகுழாயையும் இஞ்சின் பிளாக்கிலுள்ள திருகையும் திறந்து, பழைய திரவத்தை வாயகன்ற பாத்திரத்தில் பிடிக்கவேண்டும். பிளாக்கின் திருகைத் திறவாதவர் பாதி வேலைதான் செய்தவராவார். பின்னர் நிறமின்றி வரும்வரை நல்ல நீரால் அலசி, கடைசி அலசலை வாலைநீரால் முடித்து, முழுதும் வடித்து, திருகுகளை இறுக்கிக் கலவையை மெதுவாய் ஊற்றவேண்டும். மூடியின்றி இஞ்சினைச் சற்று நேரம் மந்தமாய் ஓடவிட்டு, எட்டி நின்று கவனித்தால், தெர்மோஸ்டாட் திறந்ததும் உள்ளே தங்கிய காற்று குமிழிகளாய் வெளிப்பட்டு மட்டம் இறங்குவது தெரியும். இஞ்சின் ஆறிய பின் குறையை நிரப்பி மூடலாம். ரப்பர் குழாய்களை விரலால் அமுக்கிப் பார்த்து, வெடிப்புக் கண்டவற்றை அன்றே மாற்றுவது சிக்கனம்.

வடித்த திரவம் இனிப்பானது, ஆனால் கொடிய விஷம். நாயோ, கன்றோ, குழந்தையோ குடித்துவிட்டால் சிறுநீரகம் கெட்டு உயிருக்கே அபாயம் நேரும். தாமதமின்றி வைத்தியசாலைக்குக் கொண்டுபோகவேண்டும். ஆகவே தொழுவத்தருகில் இவ்வேலையைச் செய்யலாகாது. முதல் அலசல் நீரையும் சேர்த்து மூடியுள்ள டப்பாவில் அடைத்து, விஷமென்று எழுதி, கழிவெண்ணெய் சேகரிக்கும் பட்டறையில் தனியாக ஒப்புவிக்கவேண்டும். வாய்க்காலிலோ கிணற்றோரத்திலோ கொட்டுதல் கூடாது. சிந்தியதை மணல் போட்டு ஒற்றி அள்ளிவிட்ட பிறகே மாடுகளை அவ்வழியே ஓட்டலாம்.