சுட்ட பிறகும் முன் சைட்டையே பாருங்கள்

எங்க ஊர் சங்கராபுரத்தில் "துப்பாக்கி சுடப் பழகுகிறேன்" என்று சொன்னால் உடனே வரும் கேள்வி, "நாட்டுத் துப்பாக்கியா?" மேற்கே தெரியும் கல்வராயன் மலையில் போலீஸ் பறிமுதல் செய்ததாக அடிக்கடி செய்தியில் வருவது அதுதான், அதனால் கேட்பவர்கள் மேல் தப்பில்லை. என்னிடம் இருப்பது 4.5 மி.மீ. பெல்லட் போடும் ஏர் பிஸ்டல். வீட்டுக்குப் பின்னால் உயரமான சுவர், அதன்முன் பெல்லட்டைப் பிடிக்கும் இரும்புப் பெட்டி, அதிலிருந்து 10 மீட்டரில் நான்.

நாலு மாசம் சுட்டும் அட்டையில் ஓட்டைகள் சிதறியே கிடந்தன. கை நடுக்கம்தான் காரணம் என்று முடிவு கட்டி டம்பெல் எல்லாம் தூக்கினேன். கணக்குப் போட்டுப் பார்த்தபோதுதான் நான் தப்பான இடத்தில் பிழை தேடியது தெரிந்தது.

பிஸ்டலின் பின் சைட் 'ப' எழுத்து மாதிரி ஒரு பள்ளம். முன் சைட் ஒரு சின்னத் தூண். தூண் பள்ளத்தின் நடுவில், இரண்டு பக்கமும் சமமான வெளிச்சத்தோடு, மேல்விளிம்பு ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். கை நடுங்கி முழு பிஸ்டலும் அப்படியே 1 மி.மீ. நகர்ந்தால் குண்டும் 1 மி.மீ.தான் தள்ளி விழும். ஆனால் தூண் மட்டும் பள்ளத்துக்குள் 1 மி.மீ. விலகினால்? இரண்டு சைட்டுக்கும் இடைவெளி சுமார் 32 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். 10 மீட்டரில் அந்தப் பிழை கிட்டத்தட்ட 31 மி.மீ. ஆகிவிடும். பத்துப் புள்ளி வட்டத்தின் விட்டமே 11.5 மி.மீ.தான்!

அதாவது ஆட்டம் பெரிய குற்றம் இல்லை, கோணம்தான் குற்றம். விசையை வெடுக்கென்று இழுக்கும்போது கெடுவதும் அந்தக் கோணம்தான்.

சரி, அதை எப்படிக் கண்டுபிடிப்பது? இங்கேதான் சைட்டைப் பின்தொடர்வது வருகிறது. விசை விடுபடும் நொடியில் தூண் எங்கே இருந்தது, எந்தப் பக்கம் எழும்பியது, எங்கே திரும்பி வந்து உட்கார்ந்தது என்று கண் விடாமல் பார்க்க வேண்டும். நேராக மேலே போய் அதே இடத்துக்கு வந்தால் பிடி சரி. வலது கைக்காரருக்கு இடது பக்கம் கீழே சரிந்தால், பெரும்பாலும் விசையை இழுத்த விதத்தில் கோளாறு.

அட்டையைப் பார்க்கும் முன்பே "குண்டு இங்கே விழுந்திருக்கும்" என்று நோட்டில் புள்ளி வைக்க ஆரம்பித்தேன். முதல் நாள் 20 குண்டில் 13-க்கு என்னால் எதுவுமே சொல்ல முடியவில்லை. கண்ணைச் சிமிட்டியிருந்தேன், இல்லையென்றால் அட்டையை எட்டிப் பார்த்திருந்தேன். லாக் இல்லாமல் புரோகிராமில் பிழை தேடுவது மாதிரிதான் இதுவும். பெல்லட் போடாமல், வெள்ளைச் சுவரைப் பார்த்து, வெறும் விசை இழுத்துப் பழகினேன். குறியே இல்லாததால் எட்டிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லை. மூன்று வாரத்தில் கண் நிலைத்தது.

நாற்பதைத் தாண்டியவர்களுக்கு இன்னொரு சிக்கல், வெள்ளெழுத்து. கண்ணால் ஒரு நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் தெளிவாகப் பார்க்க முடியும். தூண் கூர்மையாகத் தெரியணும், குறி மங்கலாகவே இருக்கட்டும். படிக்கிற கண்ணாடி இதற்கு உதவாது, அது புத்தக தூரத்துக்கானது. கை நீட்டின தூரத்தைச் சொல்லி, அதற்கேற்ற பவரைக் கேட்டு வாங்குங்கள்.

இவ்வளவு நுணுக்கம் தேவையா என்று கேட்கலாம். 2024 ஜூலை 28, பாரிஸ். மனு பாக்கர் 221.7 புள்ளியோடு வெண்கலம் வென்றார். அந்தக் கட்டத்தில் தென்கொரியாவின் கிம் யேஜியைவிட அவர் 0.1தான் பின்தங்கியிருந்தார். அட்டையில் 0.1 என்பது 0.8 மி.மீ. மேலே போட்ட அதே கணக்குப்படி, முன் சைட்டில் அது சுமார் 0.026 மி.மீ. தலைமுடியின் தடிமனைவிடக் குறைவு.

நமக்குப் பதக்கம் வேண்டாம். ஆனால் குண்டு எங்கே போனது என்று அட்டை சொல்லும் முன்பே நமக்குத் தெரியணும். இப்போது 20-க்கு 15 சரியாகச் சொல்கிறேன். டம்பெல் கட்டிலுக்கு அடியில் கிடக்கிறது.