உப்பு, நீச்சல், ஈற்று: தொல்கடல் முதலையினங்களின் தகவமைப்பும் பரங்கிப்பேட்டைக் கடல்சார் ஊர்வனவும்

ஆய்வுச் சுருக்கம்

ஜுராசிக் காலத்தில் முதலைகளின் உறவினங்களுள் ஒரு கிளை ஆற்றையும் கரையையும் விட்டு நீங்கிக் கடலுக்கே உரியதாயிற்று. உப்பு நீக்கம், நீச்சல், இனப்பெருக்கம் ஆகிய மூன்றிலும் அக்கிளை அடைந்த மாற்றங்களைப் பரங்கிப்பேட்டைப் பகுதியில் இன்று வாழும் ஊர்வனவற்றோடு ஒப்பிட்டு இக்கட்டுரை விளக்குகிறது. கடல்வாழ்வு ஒரே கட்டத்தில் கைகூடவில்லை. உறுப்புகள் வெவ்வேறு காலங்களில் மாறின என்பது இவ்வொப்பீட்டால் பெறப்படுகிறது.

திறவுச்சொற்கள்: தலட்டோசூக்கியா, உப்புச்சுரப்பி, கழிமுகம், தொல்லுயிரியல், பரங்கிப்பேட்டை

முன்னுரை

குறிஞ்சிப்பாட்டு முதலை, இடங்கர், கராம் என மூன்று பெயர்களை ஒருங்கே தருகிறது. முதலையினத்துள் வேறுபாடு கண்ட மரபு தமிழுக்கு உண்டு என்பதற்கு இது சான்று. ஆயினும், முதலை பல கோடி ஆண்டுகளாக மாறாதிருக்கும் உயிரி என்னும் கருத்தே இன்று பொதுவாக நிலவுகிறது. புதைபடிவச் சான்றுகள் இதற்கு மாறானவை.

வெள்ளாறு கடலோடு கலக்கும் இடம் பரங்கிப்பேட்டை. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையம் இங்கு அமைந்துள்ளது. கழிமுகத்து நீரின் உப்புத்தன்மை ஓதத்திற்கும் வடகிழக்குப் பருவமழைக்கும் ஏற்ப ஏறியிறங்குகிறது. சிதம்பரத்தைச் சுற்றியுள்ள பழைய கொள்ளிடம், வக்காரமாரி முதலிய நீர்நிலைகளில் நன்னீர் முதலைகள் வாழ்கின்றன. கடற்கரை மணலில் பங்குனி ஆமைகள் முட்டையிடுகின்றன. மீனவர் வலைகளில் கடற்பாம்புகள் அகப்படுகின்றன. கடலோடு ஊர்வன கொள்ளும் உறவின் பல படிநிலைகளை இப்பகுதியில் ஒருசேரக் காணலாம்.

கடல்சென்ற கிளை

தலட்டோசூக்கியா என்னும் கிரேக்கப் பெயருக்குக் கடல்முதலை என்பது பொருள். இக்கிளையினர் ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் தோன்றி, கிரிட்டேசியக் காலத்தின் முற்பகுதி வரை வாழ்ந்தனர். இவர்கள் இன்றைய முதலைகளின் மூதாதையர் அல்லர். தனித்துப் பிரிந்து மறைந்த உறவினர். இவர்களுள் இரு பெரும் பிரிவுகள் உண்டு. டெலியோசாராய்டுகள் நீண்ட முகமும் முதுகுக் கவசமும் கொண்டு பெரும்பாலும் கரையோரங்களில் வாழ்ந்தன. மெட்ரியோரிங்கிட்டுகளோ கவசத்தை முற்றிலும் இழந்து திறந்த கடலை அடைந்தன.

உப்பு

ஊர்வனவற்றின் சிறுநீரகம் குருதியைவிடச் செறிவான சிறுநீரை உண்டாக்க இயலாது. ஆகவே கடலில் நிலைத்து வாழும் ஊர்வனவற்றுக்கு மிகை உப்பை வெளியேற்றத் தனிச் சுரப்பி வேண்டும். பங்குனி ஆமைக்கு அது கண்ணருகே உள்ளது. அது கரையேறும்போது வடிக்கும் ‘கண்ணீர்’ இச்சுரப்பியின் நீரே. கடற்பாம்புக்கு நாக்கின் அடியில் உள்ளது. உவர்நீர் முதலைக்கு நாக்கின் மேற்பரப்பில் உள்ளதை டாப்லின், கிரிக் ஆகியோர் 1981இல் வெளிப்படுத்தினர்.

மெட்ரியோரிங்கிட்டுகளின் சுரப்பி வேறிடத்தில் அமைந்திருந்தது. அர்ஜென்டினாவின் நியூக்கென் பகுதியில் கிடைத்த மண்டையோடுகளில், கண்களுக்கு முன்புறம் மடல் மடலான இயற்கை வார்ப்புகள் இருந்தன. இவற்றை உப்புச்சுரப்பியின் வார்ப்புகள் என 2000இல் பெர்னாண்டஸ், காஸ்பரினி ஆகியோர் விளக்கினர். ஒரே தேவைக்கு நான்கு ஊர்வனக் குழுக்கள் நான்கு வெவ்வேறு இடங்களில் விடை கண்டுள்ளன. இன்றைய முதலையின் உப்புத்தாங்கு திறன் தொல்கடல் முதலையிடமிருந்து வந்த மரபுரிமையன்று என்பது இதனால் தெளிவாகிறது.

நீச்சல்

மெட்ரியோரிங்கிட்டுகளின் முன்கால்கள் சிறுத்துத் துடுப்புகளாயின. வாலின் நுனியில் முதுகெலும்பு கீழ்நோக்கி வளைந்து செங்குத்தான வால்துடுப்பைத் தாங்கியது. சுறாவில் முதுகெலும்பு மேல்நோக்கி வளைவதால் இவ்வமைப்பு அதற்கு நேர்மாறானது. கடற்பாம்பின் தட்டையான வாலும் நீரைப் பின்தள்ளும் அதே பணியை வேறுவகையில் செய்கிறது.

உட்காதின் சான்று மேலும் நுட்பமானது. சமநிலையுணர்வுக்குரிய அரைவட்டக் குழல்கள் நீரில் வாழும் விலங்குகளில் சுருங்குவதுண்டு. எடின்பரோ பல்கலைக்கழகத்தின் ஜூலியா ஷ்வாப் தலைமையிலான குழு 2020இல் வெளியிட்ட ஆய்வின்படி, இக்கிளையில் உட்காது கடலுக்கேற்ப மாறியது முற்படவன்று. நீண்டகால ஈரிட வாழ்வுக்குப் பின், கால்கள் மாறிய பிறகே. திமிங்கிலங்களிலோ இம்மாற்றம் விரைவில் நிகழ்ந்தது. உடல் முழுவதும் ஒருங்கே மாறியது என்னும் எளிய விளக்கத்தை இச்சான்று மறுக்கிறது.

ஈற்று

கடலாமை எத்துணை தொலைவு நீந்தினும் முட்டையிடக் கரைக்கு வந்தாக வேண்டும். கடற்பாம்புகளுள் பெரும்பாலானவை நீரிலேயே குட்டி ஈன்று இத்தளையை அறுத்தன. துடுப்புக்கால்களும் வால்துடுப்பும் கொண்ட மெட்ரியோரிங்கிட்டுகள் மணலில் ஊர்ந்து கூடமைத்தல் அரிது. கிரிகோசாரஸ் அராவ்கானென்சிஸ் என்னும் இனத்தின் இடுப்பெலும்பு வாய் அகன்றிருப்பதைக் காட்டி, அது குட்டியீன்றிருக்கலாம் என 2017இல் ஹெரேரா குழுவினர் கருதினர். கருவுடன் கூடிய புதைபடிவம் கிடைக்காமையால் இது கருதுகோளாகவே நிற்கிறது. இன்றைய முதலைகளும் பறவைகளும் முட்டையிடுவன மட்டுமே என்பது எதிர்வாதம். எனினும் அவற்றின் தொலைவுறவான டைனோசெபலோசாரஸ் குட்டியீன்றதற்குச் சீனாவில் கருப்படிவச் சான்று உண்டு.

வெள்ளாற்றங்கரைப் பாறைகள்

வெள்ளாற்றின் வடிநிலத்தை ஒட்டி விருத்தாசலம், அரியலூர் பகுதிகளில் கிரிட்டேசியக் கடற்படிவுகள் வெளிப்பட்டுள்ளன. இப்பகுதியில் சேகரிக்கப்பட்ட சிப்பி முதலான புதைபடிவங்களை எட்வர்ட் போர்ப்ஸ் 1846இல் விவரித்தார். ஊத்தத்தூர்ப் படிவுகளிலிருந்து ஒரு மீன்பல்லி இனத்தை லிடெக்கர் 1879இல் பதிவு செய்தார். இங்குத் தொல்கடல் முதலையைத் தேடுதல் பொருந்துமா என்னும் வினா இயல்பாக எழுகிறது. ஊத்தத்தூர்க் கடற்படிவுகள் ஏறத்தாழ 11 கோடி ஆண்டுப் பழைமையுடையவை. மெட்ரியோரிங்கிட்டுகளின் இறுதிச் சான்றுகளுள் ஒன்றான சிசிலித் தீவுப் பல்லோ ஏறத்தாழ 12.5 கோடி ஆண்டுப் பழைமையது. எனவே காவிரிப் படுகையில் கடல் புகுந்து படிவுகளை விட்டுச்சென்ற காலத்தில் அவ்விலங்குகளின் காலம் பெரும்பாலும் முடிந்திருந்தது. அவற்றின் காலத்துக் கடற்பாறைகள் கட்ச் பகுதியில் உள்ளன. அங்கு லோடாய் ஊரருகே கிடைத்த, ஏறத்தாழ 15 கோடி ஆண்டுப் பழைமையான மீன்பல்லி எலும்புக்கூடு 2017இல் அறிவிக்கப்பட்டது. தேடலுக்குரிய களம் அதுவே.

முடிவுரை

தொல்கடல் முதலையினங்கள் உப்பு, நீச்சல், ஈற்று என்னும் மூன்று தடைகளைத் தனித்தனியே எதிர்கொண்டன. முதலிரண்டையும் வென்றமைக்கு எலும்புச் சான்று உண்டு; மூன்றாவதற்கு அனுமானமே உண்டு. எலும்பு காட்டாத உடலியக்கத்தை உணர்த்துபவை வாழும் உயிர்கள். ஆதலால் வெள்ளாற்றுக் கழிமுகமும் பரங்கிப்பேட்டைக் கடலும் அழியாது காக்கப்படுதல் தொல்லுயிரியலுக்கும் வேண்டுவதாகும். ஆமையும் கடற்பாம்பும் மறைந்தால், மறைந்த விலங்குகளைப் படித்தறியும் ஒப்பீட்டுச் சான்றும் உடன் மறையும்.