உங்களுக்குத் தெரியுமா? பழங்களைப் பற்றி எழுதிய பேராதனைக்காரர்

வெப்பமண்டலத்தின் அபூர்வப் பழங்களைப் பற்றி உலகம் நம்பிப் புரட்டிய கைநூல்களில் ஒன்று இலங்கை மலையகத்தில் எழுதப்பட்டது. பேராதனை அரச தாவரவியல் பூங்காவின் கண்காணிப்பாளராக இருந்த ஹியூ பிரேசர் மக்மிலன் 1910இல் அதை வெளியிட்டார். 1935இல் நான்காம் பதிப்பு வந்தது. ஒரு காலத்தில் தோட்டத்துரைமாரின் அலுமாரிகளில் அது இருந்தது.

எந்த மரம் எந்த உயரத்தில் பிழைக்கும் என்று சொல்வதுதான் இந்நூலின் பெரிய பலம். வட்டவளைக்கும் ஹட்டனுக்கும் நடுவே, 1000 மீட்டருக்கு மேலே குளிரில் நனையும் றொசல்லவில் மங்குஸ்தான் நட்டால் ஏமாற்றந்தான். அதற்குக் களுத்துறைப் பக்கத்து வெக்கையும் ஈரமும் வேண்டும். விதை காய்ந்தால் செத்துவிடும். முளைத்தாலும் காய்க்கப் பத்து வருடம் ஆகலாம். ஆனாலும் கடையில் மங்குஸ்தான் வாங்கும்போது ஒரு வித்தை செய்யலாம்: பழத்தின் அடியில் பூப்போல இருக்கும் இதழ்களை எண்ணுங்கள். உள்ளே அத்தனை சுளை! இதழ் கூடினால் சுளை சிறியது, கொட்டையும் குறைவு.

றொசல்லவுக்கு ஏற்றது மரத்தக்காளி. தென்னமெரிக்க மலைகளிலிருந்து வந்து, லயத்துப் பின்புறத்தில் வேலியோரமாக நிற்கிறது. தோல் கசக்கும். இரண்டாக வெட்டி, கறுத்த விதையோடு சதையைக் கரண்டியால் வழித்து, சீனி தூவிச் சாப்பிடுவார்கள். சுட்டு, பச்சைமிளகாயோடு சம்பல் அரைத்தால் இன்னும் விசேஷம், என்னைக் கேட்டால்.