மேய்ச்சல் காட்டில் களங்கமின்மை: ‘கூளமாதாரி’யின் சிறுவர் உலகம்

கொங்கு நாட்டின் மானாவாரி மேட்டுக்காடுகளில் கவுண்டர் குடும்பங்களின் ஆடுகளை மேய்த்த அருந்ததியர் பிள்ளைகளின் வாழ்வைச் சொல்லும் பெருமாள்முருகனின் ‘கூளமாதாரி’ நாவல் 2000ஆம் ஆண்டில் வெளிவந்தது. திருச்செங்கோட்டு வட்டாரத்தைக் களமாகக் கொண்டிருப்பினும், திருப்பூர் மாவட்டத்தின் காங்கயம், தாராபுரம் பகுதி வாசகர்களுக்கு அந்நிலம் அயலானதன்று. கிளுவை வேலி சூழ, வெள்வேல மரமும் கொழுக்கட்டைப் புல்லும் வளர்ந்த ‘கொரங்காடு’ என்னும் அவர்களது மேய்ச்சல் நிலத்திலும் இத்தகைய பிள்ளைகள் இதே வேலையைச் செய்திருக்கிறார்கள்.

‘கூளமாதாரி’யைப் போலக் களங்கமின்மையைக் குறியீட்டால் உணர்த்தும் நாவல் என்றால், 1960இல் வெளிவந்து மறு ஆண்டே புலிட்சர் பரிசு பெற்ற ஹார்ப்பர் லீயின் ‘டு கில் எ மாக்கிங்பேர்ட்’தான் பலருக்கும் நினைவுக்கு வரும். குறியீடு என்பது கண்ணால் காணும் பொருளொன்றின் வழியே காணவியலாத கருத்தை உணர்த்துவது. பாடுவதன்றி வேறொன்றும் செய்யாத, யாருக்கும் தீங்கிழைக்காத மாக்கிங்பேர்ட் பறவையைக் கொல்வது பாவம் என்று அந்நாவலில் வரும் பேச்சு, செய்யாத குற்றத்துக்குத் தண்டிக்கப்படும் கறுப்பினத் தொழிலாளி டாம் ராபின்சனுக்கும் பொருந்துகிறது. ஆயினும் கதை சொல்பவள் ஒரு வெள்ளை வழக்கறிஞரின் மகளாதலால், டாமின் மனத்துக்குள் வாசகர் நுழைவதேயில்லை. அவனது களங்கமின்மை பிறர் பார்த்து இரங்குவதற்குரியதாகவே நின்றுவிடுகிறது.

மாறாக, ‘கூளமாதாரி’ ஒடுக்கப்படும் சிறுவனின் அருகிலேயே இருந்து உலகைப் பார்க்கிறது. பெற்றோர் வாங்கிய கடனுக்காகப் பண்ணயத்தில், அதாவது நிலவுடைமையாளர் வீட்டு ஆண்டு வேலையில், விடப்பட்ட கூளையனுக்கும் அவன் கூட்டாளிகளான நெடும்பன், செவிடி முதலியோர்க்கும் வழங்கும் பெயர்கள்கூட உடலைச் சுட்டும் பட்டப்பெயர்களே. இவர்களை ஆசிரியர் மாசற்ற பொம்மைகளாக்கவில்லை. பொய் சொல்லவும், திருடவும், சினங்கொள்ளவும் இவர்களுக்குத் தெரியும். இந்நாவலில் களங்கமின்மை என்பது குற்றமின்மையன்று, மனிதருள் மேல் கீழ் உண்டு என்பதை மனம் இன்னும் முழுதாக ஒப்புக்கொள்ளாத நிலை என்று கொள்வதே பொருத்தம். அந்நிலை பண்ணயக்காரர் மகனான செல்வனிடமும் இருக்கிறது; காட்டில் அவன் கூளையனுக்கு விளையாட்டுத் தோழன். ஆனால் விளையாட்டில் தோற்கும்போதும் சண்டை முற்றும்போதும் தந்தையின் அதிகாரத்தைத் துணைக்கழைக்கும் வாய்ப்பு அவனுக்கு மட்டுமே உண்டு என்பதால், அவனிடமிருந்து அது விரைவாகக் கழன்றுவிடுகிறது.

ஆடு, பனை, கிணறு ஆகியன இந்நாவலில் அலங்காரமாக வைக்கப்பட்ட உவமைகள் அல்ல. அன்றாடப் புழக்கத்திலிருந்தே பொருள் பெறுபவை. குறிப்பாகக் கிணறு. வெயிலில் வாடிய பிள்ளைகள் குதித்து நீந்தி மகிழும் அதே கிணற்றுக்குள்தான் கூளையன் ஒரு சிறு திருட்டுக்குத் தண்டனையாகத் தலைகீழாகத் தொங்கவிடப்படுகிறான். விளையாட்டிடமே தண்டனைக்களமாகும் இப்பகுதி தமிழ் நாவல்களில் மறக்கவியலாதவற்றுள் ஒன்று. இதைப் படித்தபின் கிணறு வாசகருக்கும் பழைய கிணறாக இராது.

கூளையன் போன்றோரைக் கடனுக்காகப் பிணைத்த கொத்தடிமை முறை 1976ஆம் ஆண்டுச் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. அதன்பின் பெருகிய பனியன் தொழில், பட்டியிலும் காட்டிலும் கழிந்திருக்கக்கூடிய பல வாழ்வுகளைத் திருப்பூருக்கு இழுத்து வந்தது; டைலருக்குத் துணையாகத் துணி எடுத்துக் கொடுக்கும் ‘கைமடி’ வேலையில் ஒரு காலத்தில் சிறுவர்களும் இருந்தார்கள். வாரச் சம்பளமும், யாரும் யாரோடும் அருகமர்ந்து செய்யும் வேலையும் பண்ணயத்தில் கிடைக்காத விடுதலை என்பதில் ஐயமில்லை. ஆனால் அந்த அருகாமை, கூளையனும் செல்வனும் காட்டில் கண்ட, அவ்விடத்தோடு நின்றுவிடும் சமத்துவத்தை ஒத்தது. ஏனெனில், கம்பெனி வேனில் ஒன்றாக வந்திறங்கியவர்கள், சிலர் ஊருக்குள்ளும் சிலர் ‘வளவு’ எனப்படும் அருந்ததியர் குடியிருப்புக்கும் தனித்தனியே பிரிந்து நடக்கும் ஊர்கள் இவ்வட்டாரத்தில் இன்னும் இருக்கின்றன.